பாக்கெட் வாட்ச் கேள்வி-பதில்: அந்தத் தங்கத்தைத் துடைக்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டூ-டோன் மூவ்மென்ட், அதாவது வாட்சின் உள்ளே ஓடும் இரண்டு நிற இயந்திரம் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு எல்ஜின் வாட்ச் வாங்கினேன். பத்துப் படம் அனுப்பியிருக்கிறேன். இது டூ-டோன்தானே? (டல்லாஸ் வாசகர்)

பத்துப் படத்தில் ஒன்றில்கூட மூவ்மென்ட் இல்லை. நீங்கள் காட்டியிருப்பது இரண்டு நிறத் தங்கத்தில் செய்த கேஸ், அதாவது வெளிக்கூடு. டூ-டோன் என்று நாங்கள் சொல்வது, பின்மூடியைத் திறந்தால் தெரியும் பிளேட்டை. டமாஸ்கீனிங் என்ற அலங்கார வரிகள் ஓடும் நிக்கல் பிளேட்டில் ஒரு பகுதிக்குத் தங்க முலாம், மீதி நிக்கலின் வெள்ளை. கேஸைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. அந்தக் காலத்து அமெரிக்காவில் இரண்டும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் விற்பனையாயின. வாங்குபவர் நகைக்கடையில் மூவ்மென்ட் ஒன்று, கேஸ் ஒன்று என்று தேர்ந்தெடுப்பார். கடைக்காரர் பொருத்திக் கொடுப்பார். திறந்து படமெடுத்து அனுப்புங்கள்.

பின்மூடி திறக்க மாட்டேன் என்கிறது. கத்தி போட்டு நெம்பலாமா?

கூடாது. முதலில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். நகம் நுழையும்படி சின்ன உதடு ஒன்று இருந்தால்தான் அது நெம்பும் மூடி. இல்லையென்றால் மரை போட்டது. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளங்கையால் அழுத்தி இடப்பக்கமாகத் திருகுங்கள். பின்மூடியே இல்லாத கேஸும் உண்டு. அதில் முன்கண்ணாடியைக் கழற்றி, கிரவுனை (சாவி கொடுக்கும் குமிழை) இழுத்தால் மூவ்மென்ட் கீலில் ஆடி வெளியே வரும்.

கிரவுனை எவ்வளவு இழுத்தும் முள்ளைத் திருப்ப முடியவில்லை. குறடால் இழுத்துப் பார்த்தேன், கிரவுன் கையோடு வந்துவிட்டது. (ஒஹாயோ வாசகர்)

இதை எத்தனை முறைதான் எழுதுவது! உங்களுடையது லீவர் செட். முன்கண்ணாடி வளையத்தைக் கழற்றினால் டயல் விளிம்பில், பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணிப் பக்கம், மெல்லிய லீவர் ஒன்று தெரியும். அதை நகத்தால் வெளியே இழுத்து, கிரவுனைத் திருகி நேரம் வைத்து, மறுபடி உள்ளே தள்ள வேண்டும். சாவி கொடுக்கும்போது கை தவறி நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக ரயில்வே வாட்ச்களில் செய்த ஏற்பாடு இது. கிரவுன் வர மறுத்தால் லீவரைத் தேடுங்கள், குறடைத் தேடாதீர்கள். இப்போது உங்களுக்குத் தேவை கேஸ் வேலை தெரிந்த வாட்ச்மேக்கர்.

பிளேட் மங்கலாக இருக்கிறது. வெள்ளிப் பாத்திரம் துடைக்கும் திரவம் போட்டால் தங்கம் பளிச்சென்று ஆகுமா? (நியூ ஜெர்சி வாசகி)

ஆகாது அம்மா. தங்கமே இருக்காது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அந்த முலாம் வெங்காயச் சருகைவிடப் பல மடங்கு மெல்லியது. 1890-களில் வாட்ச் கம்பெனிகள் அதைப் போட்டது ஓட்டத்துக்காக அல்ல, கண்ணுக்காக. நகைக்கடைக்காரர் பின்மூடியைத் திறந்து காட்டியதும் வாங்க வந்தவர் மயங்க வேண்டும். அதற்காகவே முதுகில் கண்ணாடி வைத்த காட்சிக் கேஸ்கள்கூட இருந்தன. ஒரு நாளும் யாரும் தேய்க்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில் போட்ட பூச்சு அது. பாலிஷ் திரவத்தில் இருக்கும் நுண்துகள் நாலு தேய்ப்பில் அதை எடுத்துவிடும். தங்கத்தோடு டமாஸ்கீனிங் வரிகளும் மழுங்கும். மறுபடி முலாம் பூசலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பூசலாம்தான். ஆனால் எந்த வரி தங்கம், எந்த வரி வெள்ளை என்று பிரித்துக் காட்டிய அந்தக் கூர்மை திரும்பாது. பழக்கப்பட்ட கண் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும்.

என் முதல் டூ-டோன் ஒரு ராக்ஃபோர்டு கம்பெனி வாட்ச், 18 சைஸ் என்ற பெரிய அளவு. மங்கல்தான், ஆனாலும் சாய்த்துப் பிடித்தால் தங்கப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் மாறி மாறி மின்னும். சர்வீஸுக்காக ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஒரே வெள்ளை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, செதுக்கிய எழுத்துகளின் பள்ளத்திலும் ஒரு ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் மட்டும் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. நூறு வருஷம் தப்பிப் பிழைத்த தங்கம் ஒரு மதியத்தில் போய்விட்டது. “நல்லா க்ளீன் பண்ணிட்டோம்” என்று சீட்டு வேறு வைத்திருந்தார்கள். அந்த வாட்ச் இன்றும் சரியாக ஓடுகிறது. நான்தான் அதன் பின்மூடியைத் திறப்பதில்லை.

அதனால்தான் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் வாட்ச்மேக்கரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். டூ-டோன் பிளேட்டை இதற்கு முன் கழுவியிருக்கிறாரா? அம்மோனியா கலந்த கரைசலில் போடுவாரா? எவ்வளவு நேரம் ஊறவிடுவார்? “எல்லாத்தையும் ஒரே மெஷினில்தான் போடுவோம்” என்றால் வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். விஷயம் தெரிந்தவர் பிளேட்டை மட்டும் தனியாக, மிதமான திரவத்தில் சில நிமிடம் அலசி எடுப்பார். சக்கர அச்சு முனைகள் சுழலும் பிவட் துளைகளை மரக்குச்சியால் சுத்தம் செய்வார். நீங்கள் வீட்டில் செய்யக் கூடியது ஒன்றே ஒன்று: காற்றுப் பந்தால் தூசியை ஊதுவது. துடைக்காதீர்கள், விரலும் வைக்காதீர்கள். வியர்வைபட்ட விரல்ரேகை சில மாதத்தில் பழுப்பாகப் பதிந்துவிடும், அப்புறம் போகாது.

கேஸில் “14 கேரட், 25 வருஷம்” என்று இருக்கிறது. கட்டித் தங்கமா?

இல்லை. வருஷக் கணக்கு போட்டிருந்தாலே கோல்டு-ஃபில்டு. நடுவில் மட்ட உலோகம், இருபுறமும் தங்கத் தகடு. அந்தத் தகடு தேயாமல் இருக்கும் என்று கம்பெனி சொன்ன காலம்தான் 25 வருஷம். இப்படி வருஷம் போடும் வழக்கத்தை 1924-இல் அமெரிக்க அரசு நிறுத்தியது. கட்டித் தங்கக் கேஸ் என்றால் உருக்குபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். கேஸ் உருகி அனாதையான மூவ்மென்ட்கள் இன்று பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன.

முதல் டூ-டோன் வாங்கப் போகிறேன். எந்தக் கம்பெனி?

18 சைஸ், 17 ஜுவல் (அச்சுகளைத் தாங்கும் கற்கள்), ஓபன் ஃபேஸ் (டயலுக்கு மேல் மூடி இல்லாதது) என்று தொடங்குங்கள். பிளேட் பெரியது என்பதால் வேலைப்பாடு நன்றாகத் தெரியும். இல்லினாய்ஸ், ராக்ஃபோர்டு, ஹாம்ப்டன், கொலம்பஸ், சேத் தாமஸ் ஐந்திலும் அழகானவை கிடைக்கும். சில நூறு டாலருக்குள் முடிக்கலாம். ஹாமில்டனின் ஆரம்பகால டூ-டோன்களும் அருமை, ஆனால் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். என் மனசுக்கு நெருக்கமானது ஹாம்ப்டன். ஒஹாயோவின் கான்டனில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களை 1930-இல் சோவியத் அரசு வாங்கி, இருபது சொச்சம் தொழிலாளர்களோடு மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. ரஷ்யாவின் பெரிய வாட்ச் தொழில் அதில்தான் தொடங்கியது.

வாங்கும்போது லென்ஸ் வைத்து, மெயின்ஸ்பிரிங் உருளையைத் தாங்கும் தகடான பேரல் பிரிட்ஜின் ஓரத்தைப் பாருங்கள். டமாஸ்கீனிங் வரி பிரிட்ஜிலிருந்து பிளேட்டுக்கு அறுபடாமல் ஓட வேண்டும். அங்கே வரி விலகினாலோ தங்கத்தின் சாயல் மாறினாலோ வேறு வாட்சிலிருந்து எடுத்துப் போட்டது. கேஸின் உள்விளிம்பில் இரண்டு ஜோடி ஸ்க்ரூ தடம் இருந்தால் மூவ்மென்ட் கேஸ் மாறி உட்கார்ந்திருக்கிறது. அது குற்றமில்லை, ஆனால் விலையில் பேசலாம்.

பின்மூடியில் ரயில் எஞ்சின் செதுக்கியிருக்கிறது. ரயில்வே வாட்ச் என்று விற்றார்கள். உண்மையா?

எஞ்சின் படம் எதையும் நிரூபிக்காது. அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த போலிகளிலும் எஞ்சின் உண்டு, “23 ஜுவல்ஸ்” என்ற பொய்யும் உண்டு. 1891-இல் ஒஹாயோவின் கிப்டன் அருகே இரண்டு ரயில்கள் மோதின. ஓட்டுநரின் வாட்ச் நாலு நிமிடம் நின்று ஓடியதுதான் காரணம் என்பார்கள். அதன் பின் கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் போன்றவர்கள் கறாரான விதிகளைக் கொண்டு வந்தார்கள்: 16 அல்லது 18 சைஸ், ஓபன் ஃபேஸ், குறைந்தது 17 ஜுவல், வாட்சை ஐந்து விதமாகப் பிடித்து வைத்துச் சரிபார்த்தது, லீவர் செட், வாரத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் பிசகக் கூடாது. இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தயாரித்த வருஷம் தெரிய வேண்டும். கேஸ் நம்பர் இதோ.

கேஸ் நம்பரால் பயனில்லை. மூவ்மென்டில் செதுக்கிய சீரியல் நம்பரை அனுப்புங்கள். முதல் பதிலையும் படித்துவிடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச் திடீரென்று மணிக்குப் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது.

காந்தம் ஏறி, பேலன்ஸ் வீலை (முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தை) ஆட்டும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். திசைகாட்டியை அருகே வைத்துப் பாருங்கள். பேலன்ஸ் வீல் ஆட ஆட ஊசியும் நடுங்கினால் காந்தம்தான்; எந்த வாட்ச்மேக்கரும் சில நொடியில் எடுத்துவிடுவார். நடுங்காவிட்டால் எண்ணெய் பட்டிருக்கும், சர்வீஸ் வேண்டும். ஒலிபெருக்கி, செல்போன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஹாமில்டன் டூ-டோன் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தேன். தினமும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாமா? (சென்னை வாசகர்)

வேண்டாம். இந்தக் கேஸ்கள் எதுவும் ஈரத்தைத் தடுக்காது. உங்கள் ஊர்க் கடல் காற்றில் நீல ஸ்க்ரூக்களும் ஹேர்ஸ்பிரிங்கும்தான் முதலில் துருப்பிடிக்கும். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பொட்டலம் பிளேட்டில் படக் கூடாது. மாதம் ஒரு முறை சாவி கொடுத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். திறந்து பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். பாருங்கள், தொடாமல்.