லீவர் ரைஃபிளும் வெள்ளைவால் மானும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் முன், லீவர் ரைஃபிள் (விசைக்கு அடியிலுள்ள கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்துத் தோட்டா ஏற்றுவது) வாங்க எண்ணியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பென்சில்வேனியாக் காடுகளில் பல பருவங்களாக வேட்டையாடிவரும் நான் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பென்சில்வேனியாவில் இதுதான் என் முதல் பருவம். கடைக்காரர் போல்ட் ரைஃபிள் (தண்டைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) வாங்கச் சொல்கிறார். எனக்கோ லீவர் மீதுதான் ஆசை. ஆசையை விட்டுவிட வேண்டுமா, ஐயா?

விட வேண்டாம். ஆனால் எங்கே நின்று சுடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சோள வயலின் ஓரத்தில் அமர்ந்து 250 கஜம் தள்ளி வரும் மானுக்காகக் காத்திருப்பதாக இருந்தால் கடைக்காரர் சொல்வதே சரி. அதே விலையில் போல்ட் ரைஃபிள் இன்னும் துல்லியமாகச் சுடும். ஓக் மரங்களுக்கும் லாரல் புதர்களுக்கும் நடுவே மெல்ல நடந்து வேட்டையாடுவதாக இருந்தால் கதை வேறு. அங்கே மான் கண்ணில் படுவதே 60, 70 கஜத்துக்குள்தான். ஏறத்தாழ மூன்று கிலோ எடையும் தட்டையான உடலும் கொண்ட லீவர் ரைஃபிளை ஒரு கையால் நடுவில் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் நடக்கலாம். இந்த மாநிலத்தில் மானுக்குத் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் (செமி-ஆட்டோமேட்டிக்) ரைஃபிள்களுக்கு அனுமதி இல்லை என்பதால், இரண்டாவது தோட்டாவை விரைவாக ஏற்றுவதிலும் லீவர் போல்ட்டை முந்தும்.

கேள்வி: .30-30 தாத்தா காலத்துத் தோட்டா என்கிறார்களே, இன்றைக்கும் போதுமா?

தாத்தா காலத்தது என்பது உண்மைதான். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 ரைஃபிளுக்காக 1895-இல் வந்தது. மான் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லையே! 170 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு நொடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்திலும், 150 கிரெயின் குண்டு சுமார் 2,390 அடி வேகத்திலும் குழலை விட்டுக் கிளம்புகின்றன. 100 கஜத்துக்குக் குறி சரிசெய்த ரைஃபிளில் 200 கஜத்தில் குண்டு 7 அல்லது 8 அங்குலம் தாழ்ந்துவிடும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியே ஏறக்குறைய அவ்வளவு அகலம்தான் என்பதால், 150 கஜத்தை எல்லையாக வைத்துக்கொள்பவர் காயப்பட்ட மானைத் தேடி இருட்டில் அலைய வேண்டிய வாய்ப்பு குறைவு. தோளில் உதையும் மிதமானது. ‘பெரிய தோட்டாவாக இருக்கட்டும்’ என்று .45-70 வாங்கி, அதன் உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு சுடுபவர்களைப் பயிற்சித் திடலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கூர்முனைத் தோட்டாக்களை ஏன் போடக்கூடாது?

பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் குழலுக்கு அடியில் ஓடும் இன்னொரு குழாய்தான் தோட்டாக்களைச் சேர்த்து வைக்கும் மேகசின். அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் முனை, முன்னால் இருப்பதன் அடிப்பாகத்திலுள்ள, அடிபட்டால் பற்றிக்கொள்ளும் பிரைமரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சுடும்போது எழும் உதையில் அந்தக் கூர்முனை ஆணி போலப் பிரைமரைக் குத்தினால், உங்கள் இடக்கைக்கு அடியிலேயே தோட்டா வெடித்துவிடலாம். ஆகவே தட்டை முனைக் குண்டுகளையே வாங்குங்கள். ஹார்னடியின் லெவரெவல்யூஷன் தோட்டாக்கள் கூர்மையாகத் தெரிந்தாலும் அவற்றின் முனை அமுங்கிக்கொடுக்கும் மென்மையான பொருளால் ஆனது என்பதால் அவற்றுக்கு விலக்கு உண்டு. குழாய் மேகசினே இல்லாத லீவர்களும் உண்டு. சுழல் மேகசின் கொண்ட சாவேஜ் 99 பழைய துப்பாக்கிக் கடைகளில் கிடைக்கும். பெட்டி மேகசின் கொண்ட பிரௌனிங் பிஎல்ஆர், .308 போன்ற தோட்டாக்களைச் சுடும்.

கேள்வி: பழைய வின்செஸ்டர் 94, மார்லின் 336, ஹென்றி, இம்மூன்றில் எது? எனக்கு வயது 52. கண் முன்போல் இல்லை.

கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள்; பதிலும் அதிலேயே இருக்கிறது. பழைய 94 சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை நேர் மேலே எறியும். அதன் தலைக்கு மேல் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, பொருத்த இடமில்லை. 1980-களில் பக்கவாட்டில் சாய்த்து எறியும் வடிவம் வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. 1948-இல் வந்த மார்லின் 336-இன் மேற்புறம் மூடியிருக்கும், எறிவதும் வலப்பக்கமாகத்தான். குறைந்த உருப்பெருக்கம் கொண்ட சிறிய ஸ்கோப் அதில் அழகாக உட்காரும். ருகர் நிறுவனம் 2020-இல் மார்லினை வாங்கி, 2023-இல் 336-ஐ மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவந்தது. நான் வாங்கச் சொல்வது இதைத்தான்.

ஹென்றியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் மேகசின் குழாயின் உள்தண்டை முன்பக்கமாக உருவிவிட்டு, ரைஃபிளைச் சாய்த்தால் தோட்டாக்கள் கையில் கொட்டிவிடும். மற்ற இரண்டிலும் லீவரை இயக்கி ஒவ்வொன்றாக வெளியே தள்ள வேண்டும். டிசம்பர் அந்தியில் விரல் மரத்துப்போன நிலையில், காரில் ஏறுவதற்கு முன் அப்படித் தள்ளிய ஐந்தில் ஒன்று உதிர்ந்த இலைகளுக்குள் விழுந்துவிட, மண்டியிட்டுத் துழாவிய அனுபவம் எனக்கு உண்டு. குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தங்கிய தோட்டாவை மட்டும் எந்த ரைஃபிளானாலும் தனியே திறந்து பார்த்தாக வேண்டும்.

கேள்வி: ஒஹையோவில் .30-30 செல்லாது என்கிறார்களே?

மானுக்குச் செல்லாது. 2014 முதல் அங்கே அனுமதிக்கப்பட்டவை கழுத்து குறுகாத, நேர்ச்சுவர்க் கூடு கொண்ட, .357 முதல் .50 வரையிலான தோட்டாக்கள்; .30-30-இன் கூடு கழுத்தில் ஒடுங்கும், குண்டின் விட்டமும் போதாது. .44 மேக்னம் 100 கஜம் வரை நன்றாக வேலை செய்யும். லீவர் ரைஃபிள்களை மனத்தில் வைத்தே 2023-இல் ரெமிங்டன் வெளியிட்ட .360 பக்ஹாமர் இன்னும் சற்றுத் தூரம் எட்டும். இல்லினாய்ஸில் வேட்டையாடும் எண்ணமிருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: 2023 முதல் அங்கே ரைஃபிளுக்கு அனுமதி உண்டென்றாலும், ஒரே தோட்டா ஏற்றும் வகைக்கு மட்டுமே, லீவருக்கு இல்லை.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா, அண்ணா?

பொது விதிப்படி முடியாது, தம்பி. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. விற்பனைப் படிவத்தில் அதைக் குறிப்பிட்டு, உரிமத்தின் நகலையும் இணைக்க வேண்டும். பென்சில்வேனியா உரிமம் ஜூன் 30-இல் முடிவதால், ஜூலையில் புதுப்பிக்க மறந்தால் அலமாரியில் சும்மா இருக்கும் துப்பாக்கியே வழக்காகிவிடும். வாங்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: ஊருக்குக் கிளம்பும்போது வேட்டைக்கு அணிந்த கோட்டின் பைகளை உதறிப் பாருங்கள். உரிமமில்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருப்பதும் இந்திய ஆயுதச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: என் மனைவி இடக்கைப் பழக்கமுள்ளவர். தனி ரைஃபிள் தேட வேண்டுமா?

வேண்டாம். லீவர் நடுவில் இருப்பதால் இரு கைக்கும் ஒன்றே. தோளில் ஊன்றும் கட்டையின் நீளம் அவருக்குப் பொருந்துகிறதா என்று கனத்த குளிர்கோட்டோடு பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மான் வரும், நான் சுடுமுன்னே போய்விடும். பின்னுக்கு இழுத்த சுத்தியலை எப்படி இறக்குவது?

குழலை மண் பார்க்கத் திருப்பி, பாதுகாப்புக்கான குறுக்குத் தாழ் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் சுத்தியலை இறுகப் பிடித்து, விசையை அழுத்தி, அது அசைந்த உடனே விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு மெதுவாக இறக்குங்கள். பல ரைஃபிள்களில் அது பாதிவழியில் ஒரு பள்ளத்தில் தானே சிக்கி நிற்கும். ஸ்கோப் பொருத்தியவர்களுக்குக் கட்டைவிரல் நுழைய இடம் போதாது. பக்கவாட்டில் நீளும் ஒரு சிறு இணைப்பைச் சுத்தியலில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெற்று ரைஃபிளில், வீட்டில், ஐம்பது முறையாவது இதைச் செய்து பார்க்காமல் காட்டுக்குள் தோட்டா ஏற்றாதீர்கள்.