உப்பளத்து பாக்டீரியா வேண்டாம், பி.சி.ஆர். பாருங்கள்

கேள்வி: வேதாரண்யம் பக்கம் ஒன்றரை ஏக்கர் குளத்தில் வன்னாமி இறால் விட்டு 55 நாள் ஆகிறது. உப்பு 22 பி.பி.டி. (லிட்டருக்கு 22 கிராம்). தீவனம் தின்பதைப் பார்க்க வைக்கும் செக் ட்ரேயில் ஒரு இறால் 9 கிராம், பக்கத்திலேயே ஒன்று 4 கிராம். குளத்து மூலையில் வெள்ளை நூல் மாதிரி கழிவு மிதக்கிறது. உப்பளத்துச் சிவப்புத் தண்ணீரில் இருந்து எடுத்த பாக்டீரியா, எதையும் தாங்கும் என்று டீலர் ஒரு பாட்டில் தருகிறார். ஏக்கருக்கு எத்தனை லிட்டர் ஊற்றலாம் ஐயா?

பதில்: ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். உப்பளத்தைச் சிவக்க வைக்கும் ஹாலோபாக்டீரியம் பிழைக்கவே லிட்டருக்கு 150 கிராம் அளவுக்கு உப்பு வேண்டும். உங்கள் குளத்தில் இருப்பதோ 22 கிராம். அதில் விழுந்தால் அதன் செல்லே உடைந்துவிடும். பாட்டிலில் இருப்பது குளங்களில் வழக்கமாக ஊற்றும் பேசில்லஸ் பாக்டீரியா என்றால் அதற்கு இந்த விலை அநியாயம். எதையும் தாங்கும் என்று சொல்லி விற்பவர், எதற்கு மருந்து என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா?

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. அளவு ஏறுக்கு மாறாக இருந்து வெள்ளைக் கழிச்சலும் வந்தால் எனக்கு முதல் சந்தேகம் இ.எச்.பி. மீதுதான்; இறாலின் கல்லீரல் கணையத்தில் வளர்ந்து வளர்ச்சியைத் தடுக்கும் நுண் ஒட்டுண்ணி அது. விப்ரியோ என்ற பாக்டீரியாவாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனை வேண்டும். விதை (இறால் குஞ்சு) விடுமுன் அந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

கடும் உப்பு, கொதிநீர் போன்ற கடுஞ்சூழலில் வாழும் நுண்ணுயிர் இறால்காரருக்கு உண்மையாகவே உதவுவது இந்தச் சோதனையில்தான். பி.சி.ஆர். குழாயை ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடாக்குவார்கள். மரபணுவைப் பிரதி எடுக்கும் சாதாரண நொதி அந்தச் சூட்டில் முட்டை வெள்ளை போல உறைந்துவிடும். முன்பு ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதி சேர்க்க வேண்டியிருந்தது. 1966-இல் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டெடுத்தார்கள். அதன் டாக் பாலிமரேஸ் நொதி அந்தச் சூட்டைத் தாங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமியின் மரபணுத் துண்டை 30, 40 சுற்றில் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டிவிடுகிறது. பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

ஹேச்சரி (குஞ்சு பொரிப்பகம்) தரும் சான்றிதழ் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. விற்பவரே சோதித்த விதை அது. உங்கள் கையால் எடுத்த மாதிரியை வெளி ஆய்வகத்தில் கொடுத்து, முடிவு வந்த பிறகே வண்டியை வரச் சொல்லுங்கள். இப்போது குளத்தில் சின்னதாக நிற்கும் இறால்களைப் பிடித்து, கல்லீரல் கணையத்தை எடுத்து 95 சதவீத எத்தனாலில் போட்டு அனுப்புங்கள். ஃபார்மலினில் போட்டால் மரபணு சிதைந்து முடிவே தப்பாகும்.

இ.எச்.பி. என்று வந்தால் குளத்தில் ஊற்றிக் குணமாக்க மருந்து கிடையாது. வளர்ச்சி நின்றிருந்தால் தீவனச் செலவைக் கணக்குப் பார்த்துச் சீக்கிரம் பிடித்துவிடுங்கள். அப்புறம் குளத்தைக் காயவிட்டு, ஏக்கருக்கு சுமார் இரண்டரை டன் சுட்ட சுண்ணாம்பை அரையடி ஆழத்துக்குள் உழுது கலந்து, ஈரப்படுத்தி ஒரு வாரம் விடுங்கள். மண்ணின் பி.எச். 12-க்கு ஏறினால்தான் மண்ணில் தங்கிய இ.எச்.பி. வித்துகள் சாகும். அடுத்த விதையை அதன் பிறகு பார்க்கலாம்.