டிவியை ரிசீவரோடு இணைத்தும் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வருகிறதா?

டிவிக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவருக்கும் நடுவே ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டாயிற்று, ஆனால் டிவி செயலிகளில் படம் பார்த்தால் முன்பக்க ஸ்பீக்கர் இரண்டும் மட்டுமே பேசுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சிக்கலில் நான் மூன்று வாரம் கிடந்தேன். நடு ஸ்பீக்கர் போய்விட்டது என்றே முடிவுகட்டி, வயரைக் கழற்றி நுனியைச் சீவி மறுபடி முறுக்கினேன். வேறு ஸ்பீக்கரை அந்த இடத்தில் மாட்டியும் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் ரிசீவரின் முகப்பில் ஓடும் எழுத்தைக் கவனித்தேன்: 'பிசிஎம்' (PCM), அதாவது டிவியே பிரித்து அனுப்பும் டிஜிட்டல் ஒலி. ஐந்து ஸ்பீக்கருக்கான ஒலியை டிவியே இரண்டாகச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. வந்து சேராத ஒலியை ரிசீவர் எங்கிருந்து கொடுக்கும்?

அதனால் வயரைத் தொடுவதற்கு முன் அந்த முகப்பைப் பாருங்கள். 5.1 ஒலியுள்ள (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்கான) படத்தை ஓடவிட்டு, ரிசீவர் ரிமோட்டில் தகவல் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். 'டால்பி டிஜிட்டல்' (5.1 ஒலியைச் சுமந்து வரும் வடிவம்) என்று வந்தால் டிவி சரியாக அனுப்புகிறது. ரிசீவரின் ஒலி முறை 'ஸ்டீரியோ'வில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். 'பிசிஎம்' என்று வந்தால் டிவியின் ஒலி அமைப்புக்குள் போய், டிஜிட்டல் ஒலி வெளியீட்டை பிசிஎம்மிலிருந்து 'ஆட்டோ', 'பிட்ஸ்ட்ரீம்', 'பாஸ்த்ரூ' ஆகியவற்றில் உங்கள் டிவியில் இருப்பதற்கு மாற்றுங்கள். எனக்கு அந்த ஒரு மாற்றத்தில் நடு ஸ்பீக்கர் உயிர்பெற்றது.

சத்தமே வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவியின் எல்லா ஹெச்டிஎம்ஐ துளைகளும் ஒலியைத் திருப்பி அனுப்பாது. பெரும்பாலும் ஒன்றின் மேல்தான் 'ஆர்க்' (ARC, ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) அல்லது அதன் புதிய வடிவமான 'இ-ஆர்க்' (eARC) என்று எழுதியிருக்கும். அதிலிருந்து வரும் கேபிள் ரிசீவரின் 'அவுட்' துளைக்குப் போக வேண்டும். ஒலி ரிசீவருக்குள் வருவதால் 'இன்' துளைதான் என்று நினைத்துச் செருகுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பிறகு ஒரே ரிமோட்டால் இரண்டு கருவிகளையும் இயக்க உதவும் சிஇசி (CEC) வசதியை இரண்டு பக்கமும் இயக்குங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்.

ஆர்க் வசதி 2009இல் ஹெச்டிஎம்ஐ 1.4உடன் வந்தது. அதற்கு முந்தைய ரிசீவர் என்றால் ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள்தான் வழி. டால்பி டிஜிட்டல் 5.1 அதில் தாராளமாகப் போகும். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கும் டால்பி ஒலி) போகாது, டிவி ரிமோட்டால் ரிசீவரின் ஒலியளவை மாற்றவும் முடியாது. புதுக் கேபிளின் நுனியில் கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். டிவி ஓடும்போது மறுமுனையில் சிவப்பு ஒளி தெரிந்தால் டிவி பக்கம் வேலை செய்கிறது.

அட்மாஸுக்காக இ-ஆர்க் கட்டாயம் என்று பலர் சொல்வார்கள். இணையத் தளங்கள் அனுப்பும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருகிறது. டிவியும் ரிசீவரும் ஏற்றுக்கொண்டால் சாதாரண ஆர்க்கிலேயே போய்விடும். புளூ-ரே தட்டில் உள்ள ட்ரூஹெச்டி (தரம் குறையாத டால்பி வடிவம்) ஒலியை டிவி வழியாக அனுப்பத்தான் இ-ஆர்க் வேண்டும். பிளேயரை நேராக ரிசீவரில் செருகிவிட்டால் அதுவும் தேவைப்படாது.

எல்லாம் சரியான பிறகும் வசனம் மங்கலாகக் கேட்டால் மொத்தச் சத்தத்தையும் கூட்டாதீர்கள். ரிசீவரின் ஸ்பீக்கர் அளவுப் பகுதியில் நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் ஏற்றுங்கள். பின்னணி இசைக்குள் புதைந்திருந்த பேச்சு மேலே வந்துவிடும்.