குளிர்காலத்தில் வீட்டுக்குள் காய்கறி விதைகளை எப்போது விதைக்கத் தொடங்க வேண்டும்?

வெளியே நிலம் உறைந்து கிடக்கும்போதே தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், வெள்ளரி ஆகிய நான்கையும் ஜன்னலோரத்தில் ஒரே நாளில் விதைத்துவிடலாமா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனி நாள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நாள் உண்டு. இந்த நான்கில் முதலில் விதைக்க வேண்டியதற்கும் கடைசியில் விதைக்க வேண்டியதற்கும் இடையே மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. பல ஆண்டுகளாக வீட்டுக்குள் நாற்று வளர்த்து வருபவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: உண்மையான குளிர்காலத்தில் விதைக்க வேண்டிய காய்கறிகள் மிகச் சில. மற்றவை நாம் நினைப்பதைவிட நெடுநாள் காத்திருக்க வேண்டியவை.

விதைக்கும் நாளை இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது. நாற்றை வெளியே நடப்போகும் நாளை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். குளிர் மிகுந்த இடங்களில் அந்த நடவு நாளைத் தீர்மானிப்பது வசந்தத்தின் கடைசி உறைபனி. உங்கள் பகுதிக்குரிய கடைசி உறைபனி நாளை வானிலைத் துறையின் பதிவுகளிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலும் 30 ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு அதைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அது சராசரி நாளா, பாதுகாப்பான நாளா என்று பார்த்துக்கொள்வது மிகவும் முக்கியம். சராசரி நாள் என்றால், இரண்டில் ஓர் ஆண்டு அதற்குப் பிறகும் உறைபனி விழுகிறது என்று பொருள். அதற்குப் பின் உறைபனி வரும் வாய்ப்பு பத்தில் ஒன்றாகக் குறையும் நாள் பல இடங்களில் ஏறத்தாழ இரண்டு வாரம் தள்ளியிருக்கும். தக்காளியைப் போலக் குளிர் தாங்காத செடிகளுக்கு நான் இந்த இரண்டாவது நாளையே எடுத்துக்கொள்கிறேன். வானிலை நிலையங்கள் தரைக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில்தான் வெப்பநிலையை அளக்கின்றன. மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தரையை ஒட்டிய குளிர் அதைவிட அதிகமாக இருக்கும். ஆகவே 2 அல்லது 3 டிகிரி செல்சியஸ் என்று அறிவிக்கப்பட்ட இரவிலும் இலைகளின்மேல் உறைபனி படியக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். சராசரிக் கடைசி உறைபனி மே 10 என்று வைத்துக்கொள்வோம். (தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் எல்லா நாள்களையும் ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளலாம்.) தக்காளியை இரண்டு வாரம் கழித்து மே 24-இல் நடுவதாகக் கொண்டால், முளைக்க ஒரு வாரம், நாற்று வளர ஆறு வாரம், ஆக ஏழு வாரம் பின்னோக்கிப் போக வேண்டும், ஏப்ரல் 5 வருகிறது. குடைமிளகாய் தக்காளியைவிடக் குளிருக்கு அஞ்சும் செடி, முளைப்பதிலும் வளர்வதிலும் மெதுவானது. மே 31-இல் நடுவதற்குப் பத்து வாரம் முன்பு, அதாவது மார்ச் 22-இல் விதைக்கலாம். கத்தரிக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். வெள்ளரி, பூசணி வகைகளுக்கு மூன்று வாரமும் சில நாள்களும் போதும் என்பதால் அவற்றின் முறை மே முதல் வாரத்தில்தான் வருகிறது. வெங்காயத்தை உறைபனிக்கு நான்கு வாரம் முன்பே, ஏப்ரல் 12 வாக்கில் நட்டுவிடலாம். அதற்குப் பதினொரு வாரம் முன்பு என்றால் ஜனவரி 25. லீக் (வெங்காய இனத்துச் செடி), செலரி ஆகியவற்றுக்கும் பத்து முதல் பன்னிரண்டு வாரம் தேவை. முட்டைகோஸ் இலேசான உறைபனியைத் தாங்கும் என்பதால் மூன்று வாரம் முன்பே ஏப்ரல் 19-இல் வெளியே போகலாம்; ஆறு வாரம் பின்னோக்கி எண்ணினால் மார்ச் 8. தக்காளியைவிட முட்டைகோஸை ஒரு மாதம் முன்னால் விதைக்க வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மெதுவாக வளரும் செடிகள் மட்டுமல்ல, குளிரைத் தாங்கும் செடிகளும் வரிசையில் முன்னால் வந்துவிடுகின்றன.

முன்கூட்டியே விதைத்தால் முன்கூட்டியே காய்க்கும் என்ற நம்பிக்கையைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அந்த நம்பிக்கையோடுதான் நானும் தொடங்கினேன். முதல் ஆண்டில் தக்காளியை நடவுக்குப் பதினான்கு வாரம் முன்பே விதைத்தேன். விதைகள் நன்றாகவே முளைத்தன. ஆனால் குளிர்கால ஜன்னலில் ஒரே பக்கத்திலிருந்து, ஒரு நாளில் சில மணி நேரமே வரும் வெளிச்சம் அவற்றுக்குப் போதவில்லை. அறையோ கதகதப்பாக இருந்தது. கதகதப்பும் குறைந்த வெளிச்சமும் சேரும்போது நாற்று தண்டை மட்டும் நீட்டிக்கொண்டே போகிறது. தண்டு மெலிந்து, வெளுத்து, கண்ணாடிப் பக்கமாகச் சாய்கிறது. நான் இரண்டு முறை பெரிய தொட்டிக்கு மாற்றினேன். நடவு நாள் வந்தபோது செடிகள் முழங்கை நீளம் இருந்தன, வேர்கள் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தன, சில செடிகள் தொட்டியிலேயே பூத்தும்விட்டன. அவற்றை மண்ணில் நட்டபின் இரண்டு வாரத்துக்கும் மேலாகப் புதிய வளர்ச்சியே தெரியவில்லை. இருப்பில் இருக்கட்டும் என்று பின்னால் விதைத்திருந்த ஆறு வாரக் குட்டை நாற்றுகள் ஜூலைக்குள் அவற்றை எட்டிப்பிடித்து, முதல் காயையும் ஏறத்தாழ அதே வாரத்தில் தந்தன. எட்டு வாரக் கூடுதல் உழைப்புக்குப் பயனாக எதுவும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து, இரண்டு நாள்களுக்கு இடையே ஐயம் வந்தால் நான் பிந்திய நாளையே தேர்ந்தெடுக்கிறேன். வயது முதிர்ந்து வேர் பின்னிய நாற்றைவிட, இளமையாகத் தடித்த தண்டோடு இருக்கும் நாற்று நடவின் அதிர்ச்சியிலிருந்து விரைவில் மீள்கிறது.

புரோக்கோலி, காலிஃபிளவர் ஆகியவற்றில் இந்தத் தவறு இன்னும் கடுமையாகத் தண்டிக்கிறது. நாற்று நெடுநாள் குழித்தட்டில் முடங்கிக் கிடந்தாலோ, ஓரளவு பெரிதாக வளர்ந்த நாற்று நட்டபின் தொடர்ந்து 10 டிகிரிக்குக் கீழான குளிரில் நின்றாலோ, செடி முழு அளவுக்கு வளருமுன்பே பொத்தான் அளவில் ஒரு பூத்தலையை வைத்துவிட்டு அத்தோடு நின்றுவிடும். பிறகு எவ்வளவு உரமிட்டாலும் அது பெருக்காது. வெள்ளரி, பூசணி வகைகளின் சிக்கல் வேறு: அவை வேரைத் தொட்டால் தாங்காதவை. நான்கு வாரத்தைத் தாண்டினால் வேர் தொட்டியை நிறைத்துவிடும், கொடி பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும், பிரித்து நடும்போது இரண்டும் சேதமாகும்.

இப்போது இந்த விதிக்கு விலக்கான வெங்காயத்துக்கு வருகிறேன். வெங்காயத்தின் நாளை நிர்ணயிப்பதில் உறைபனியைவிடச் சூரியனுக்கே பங்கு அதிகம். பகல் நீளம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் வெங்காயச் செடி இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு கிழங்கைப் பெருக்கத் தொடங்குகிறது. குளிர் நாடுகளில் பயிராகும் நீள்பகல் இரகங்களுக்கு அந்த அளவு ஏறத்தாழ 14 முதல் 16 மணி நேரம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 45 பாகையில் மே மாதப் பிற்பகுதியிலேயே பகல் 15 மணி நேரத்தைத் தாண்டிவிடும். அந்த நாள் வரும்போது செடியில் எத்தனை இலைகள் இருக்கின்றனவோ அதைப் பொறுத்தே கிழங்கின் பருமன் அமைகிறது, ஏனென்றால் ஒவ்வோர் இலையின் அடியும் கிழங்கில் ஒரு வளையமாகிறது. தக்காளியை மூன்று வாரம் பிந்தி விதைத்தால் காய்ப்பும் சில நாள்கள் பிந்தும், அவ்வளவுதான். வெங்காயத்தை மூன்று வாரம் பிந்தி விதைத்தால் கிழங்கே சிறுத்துவிடும்; சூரியன் நமக்காகக் காத்திருக்கப்போவதில்லை. நீங்கள் பெயரிட்ட நான்கில் குளிர்காலத்தின் நடுவிலேயே விதைக்க வேண்டியது இது ஒன்றுதான். இதில் நமக்குச் சாதகமான செய்தியும் உண்டு. வெங்காய நாற்று குறைந்த இடத்தில் நெருக்கமாக வளரும், சற்றுக் குளிரான அறையையும் பொறுத்துக்கொள்ளும், இலை நீண்டுபோனால் ஒரு விரல் நீளம் விட்டுக் கத்தரித்துவிடலாம்.

கேரட், முள்ளங்கி, பீட்ரூட், பட்டாணி, அவரை ஆகியவற்றை வீட்டுக்குள் விதைக்கவே வேண்டியதில்லை. நேரடியாக நிலத்தில் ஊன்றுவதே அவற்றுக்கு நல்லது. விதை உறையில் அறுவடைக்கு ‘70 நாள்’ என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தக்காளி, குடைமிளகாய் போன்றவற்றுக்கு அந்த எண் வழக்கமாக நடவு நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. கேரட் போன்ற நேரடி விதைப்புப் பயிர்களுக்கு விதைத்த நாளிலிருந்து. இதை மாற்றிப் புரிந்துகொண்டுதான் பலர் தக்காளியை மிக முன்னதாகவோ பிந்தியோ விதைத்துவிடுகிறார்கள்.

தக்காளி முளைப்புக்கு நான் ஒதுக்கியிருக்கும் ஒரு வாரம், விதை கிடக்கும் மண் கதகதப்பாக இருந்தால் மட்டுமே பொருந்தும். தக்காளி விதை 25 டிகிரி மண்ணில் ஏறத்தாழ 6 நாளிலும், 15 டிகிரியில் 14 நாளிலும், 10 டிகிரியில் 40 நாளுக்கு மேலும் எடுத்து முளைக்கிறது. குடைமிளகாய்க்கு 25 டிகிரியில் 8 நாள் போதும். 15 டிகிரியில் 25 நாள் ஆகும். இரவில் ஜன்னல் விளிம்பு அறையைவிட மிகவும் குளிர்ந்துவிடும் என்பதால், குழித்தட்டுக்கு அடியில் வைக்கும் வெப்ப விரிப்பு ஒன்று இருந்தால் கணக்கு பிசகாது. அது இல்லாதவர்கள் வீட்டின் மிகக் கதகதப்பான மூலையில் தட்டை மூடி வைத்துவிட்டு, நாள்தோறும் பார்த்து, முதல் முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்கு மாற்றலாம். செலரிக்கும் லெட்டூஸுக்கும் மட்டும் முளைக்கவே வெளிச்சம் வேண்டும். அவற்றை மண்ணால் மூடாமல் மேலேயே தூவி அழுத்திவிட வேண்டும்.

முளைத்த பிறகு நிலைமை தலைகீழ்: வெப்பம் குறைய வேண்டும், வெளிச்சம் கூட வேண்டும். 16 முதல் 20 டிகிரி வரையுள்ள அறையும், நாற்றின் நுனிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கும் குழல் விளக்கும், ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சமும் இருந்தால் தண்டு குட்டையாகத் தடித்து வளரும். சக்தி மிகுந்த எல்.இ.டி. விளக்காக இருந்தால் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் உயரத்தில் தொங்கவிடுங்கள். விளக்கு வைக்க வழியில்லை என்றால் விதைப்பு நாளையே மாற்றுவது மேல். வெறும் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பியிருப்பவர்கள், நான் மேலே சொன்ன தக்காளிக் கணக்கில் ஒன்று இரண்டு வாரத்தைத் தயங்காமல் குறைத்துக்கொள்ளலாம். பகல் நீண்டு வரும் அந்தப் பிந்திய வாரங்களில் முளைக்கும் நாற்று, முன்பே முளைத்ததைவிட உறுதியாக இருப்பதை என் ஜன்னலில் பல முறை பார்த்திருக்கிறேன். உங்கள் விளக்கின் கீழ் எத்தனை தொட்டிகள் அடங்கும் என்பதையும் இப்போதே அளந்துவிடுங்கள். விதைக்கும்போது ஒரே தட்டில் அடங்கிய ஐம்பது நாற்றுகளும் ஐந்தாவது வாரத்தில் ஐம்பது தொட்டிகளாகிவிடும்.

நாற்றழுகலைப் பற்றியும் ஒரு சொல். மண் சொதசொதவென்று ஈரமாகவும் காற்றோட்டம் இல்லாமலும் இருந்தால், பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகள் தாக்கி, தண்டு மண்ணை ஒட்டி நைந்து நாற்று ஒரே இரவில் சாய்ந்துவிடும். தோட்டத்து மண்ணைப் பயன்படுத்தாமல் புதிய நாற்றுக் கலவையில் விதைத்து, தட்டின் அடியிலிருந்து நீர் காட்டி, சிறு மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கணக்கில் பலர் விட்டுவிடும் கடைசிப் பகுதி, நாற்றை வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கும் 7 முதல் 10 நாள்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் வைத்து, பின்பு நேரத்தையும் வெயிலையும் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நான் சொன்ன ஆறு வார வளர்ச்சிக்குள்ளேயே இந்த நாள்களும் அடக்கம். குறித்த நாள் வந்தும் இரவு 10 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் தக்காளியையும் குடைமிளகாயையும் நடாதீர்கள். உறைபனி இல்லாவிட்டாலும் அந்தக் குளிரில் அவை அப்படியே நின்றுவிடும், மண் குளிர்ந்திருப்பதால் வேர் பாஸ்பரஸை எடுக்க முடியாமல் இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகும்.

ஆகவே நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது வெங்காய விதையைச் சோதிப்பதுதான், ஏனென்றால் அது ஓரிரு ஆண்டிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும் விதை. தக்காளி விதையோ நான்கைந்து ஆண்டு தாங்கும். பத்து விதைகளை ஈரமான காகிதத் துண்டில் சுருட்டி, பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, 20 டிகிரி உள்ள இடத்தில் பத்து நாள் வையுங்கள். ஏழு அல்லது அதற்கு மேல் முளைத்தால் அப்படியே விதைக்கலாம். நான்கு ஐந்து என்றால் இரு மடங்கு அடர்த்தியாக விதையுங்கள். அதற்கும் குறைவென்றால் புதிய விதை வாங்கிவிடுங்கள். மற்ற மூன்று உறைகளின்மீதும் அவற்றுக்குரிய நாளை எழுதி, அந்த நாள் வரும்வரை உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் மூடி வைத்திருங்கள்.