மாற்றிக்கொள்ளும் சீட்டு

வணக்கம் ஐயா,

ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் புதுப் புத்தகங்களைப் பரிசாகக் கொடுத்து வாசிப்பார்கள் என்று படித்தேன். எங்கள் வீட்டிலும் தொடங்க ஆசை. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 10. கைபேசிகளை அணைத்துவிட்டு ஆளுக்கொரு புத்தகம், கொஞ்சம் சாக்லேட். வாசித்து முடித்ததும் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வாழ்க்கைக்குப் பயன்படும் 5 நூல்களைச் சொல்லுங்கள். கிறிஸ்தவர் அல்லாத நாங்கள் இதைச் செய்யலாமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

தாராளமாகச் செய்யலாம். சாக்லேட் உங்கள் விருப்பம்.

என்னை உறுத்தியது அந்த ‘ஒரு பக்கம்’. பரிசைக் கொடுத்த கையோடு கணக்குக் கேட்கிறீர்களே, இது என்ன நியாயம்? பள்ளிக்கூடம் ஆண்டு முழுவதும் செய்வதை அந்த ஓர் இரவிலும் நீங்கள் செய்யவேண்டுமா? ‘வாழ்க்கைக்குப் பயன்படும்’ என்ற சொல்லும் அதே பிரம்புதான்.

ஐஸ்லாந்துக்காரர்கள் இதைப் புத்தக வெள்ளம் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே வெளிநாட்டுச் சரக்குகளுக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. காகிதத்துக்கு அவ்வளவு இல்லை. அந்நியப் படைகள் வந்திறங்கியதால் வேலையும் கூலியும் பெருகின. பணம் இருந்தது, பரிசாக வாங்கப் பொருள் இல்லை. புத்தகம் அந்த இடத்தைப் பிடித்தது. டென்மார்க்கிலிருந்து விலகிக் குடியரசான 1944ஆம் ஆண்டிலிருந்து புதிய நூல்களின் பட்டியல் அச்சாகி வீடுதோறும் போயிருக்கிறது. இன்றும் நாலு லட்சம் பேரை எட்டாத அந்த மொழியில் பெரும்பாலான புத்தகங்கள் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் வெளியாகின்றன.

இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. பரிசுப் புத்தகத்தின் மேல் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். பிடிக்கவில்லையா, ஏற்கெனவே இருக்கிறதா, பண்டிகை கழிந்ததும் கடைக்குப் போய் வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம். கொடுத்தவர் மனம் கோணுவதில்லை. எனக்கு அந்த வழக்கத்தின் உயிரே அந்தச் சீட்டில்தான் இருப்பதாகப் படுகிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு கொடுக்கப்படும் புத்தகம் அது.

அந்த உரிமையை நான் கற்ற இடம் வேறு. எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். மத்தியான வேளையில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டி, கை ஓயாது. கண்ணும் கையும் பீடியில். காது மட்டும் சும்மா இருந்தது. அந்தக் காதுகளுக்கு வாசிக்க ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த என்னை உட்காரவைத்தார்கள். ஐஸ்லாந்தின் பண்ணை வீடுகளிலும் குளிர்கால இரவுகளில் எல்லோரும் கம்பளி நூற்க, பின்ன, ஒருவர் மட்டும் பழங்கதைகளை உரக்க வாசிப்பாராம். புத்தக வெள்ளத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய வழக்கம் அது. பின்னாளில் அதைப் படித்தபோது எனக்குப் புகையிலைத்தூள் நெடி அடித்தது.

அந்தப் பெண்களில் பாதிப்பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் தங்களுக்கு எது வேண்டாம் என்று தெரியும். ஒருமுறை, பெண்களுக்கு நல்லது என்று மாமா ஒருவர் சொன்னதை நம்பி ஓர் அறிவுரைப் புத்தகத்தைக் கிளை நூலகத்திலிருந்து எடுத்துவந்தேன். நாலு பக்கம் பொறுத்தார்கள். பெரியம்மா தலைநிமிராமல், நூலைப் பல்லால் கடித்தபடி, “மூடி வை, வேறு எடுத்து வா” என்றாள். கொதிக்கும் வெயிலில் ஓடினேன். மாற்றிக்கொண்டு வந்த பேய்க்கதை முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பீடி மட்டும் ஆயிரம் தாண்டியிருந்தது. அது உங்கள் 5 நூல்களில் ஒன்றாக இராது, எம்.

பட்டியல் தரமாட்டேன். உங்கள் மகளை எனக்குத் தெரியாது. தெரிந்த நீங்கள் போய்த் தேடுங்கள். இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்களின் புத்தகமாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. வாங்கும்போதே மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்டு, ரசீதை முதல் பக்கத்தில் வையுங்கள். அந்த ஒரு பக்கம் வேண்டாம் என்று இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். 26ஆம் தேதி அவள் வேண்டாம் என்று நீட்டினால், முகம் சுளிக்காமல் பஸ் ஏற்றிக் கூட்டிப்போங்கள். கடையில் அவள் பின்னால் நிற்காதீர்கள். எதை எடுத்தாள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.