ஷன்ட் வைத்தால் குழாய் கடைசிவரை உள்ளேயே இருக்குமா?

வியாசர்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 5 மாதக் குழந்தைக்குத் தலையில் நீர் கோத்திருக்கிறது, ஷன்ட் வைக்கச் சொல்கிறார்கள், அந்தக் குழாய் கடைசிவரை உள்ளேயே இருக்குமா என்று. பெரும்பாலும் ஆமாம்.

அது வெளியிலிருந்து இறங்கிய நீர் அல்ல. தலைக்கு ஊற்றியதால் வந்தது என்று யாராவது சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். மூளைக்குள் தினமும் சுரந்து, வடிந்து, ரத்தத்தில் கலக்க வேண்டிய நீர் அது. வழி அடைபட்டால் தேங்கி மூளையை அழுத்தும். ஷன்ட் அதற்கு மாற்று வழி: மெல்லிய சிலிகான் குழாய், இடையில் ஒரு வால்வு. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே இறங்கி வயிற்றுக்குள் முடியும். அங்கே உடம்பு நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிள்ளை வளரும் இல்லையா, அதனால் வயிற்றில் கூடுதல் நீளம் விட்டே வைப்பார்கள்.

குழாய் அடைக்கலாம், கிருமி தொற்றலாம். அப்போது மறுபடி ஆபரேஷன் தேவைப்படும். முதல் சில மாதங்கள் ரொம்பக் கவனம். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் கலையாத தூக்கம், உச்சிக்குழி புடைப்பு, கீழ்நோக்கியே நிற்கும் கண்கள், காய்ச்சல், தையலோரம் சிவப்பு: எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆபரேஷன் செய்த இடம் தூரமென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ஷன்ட் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.