டிஸ்க்கோடு ஆறு டயர்

கேள்வி: லாரிக்கு 10.00 ஆர் 20 அளவு டயர் ஆறு, டிஸ்க்கோடு (டயரை மாட்டும் இரும்புச் சக்கரம்) புதிதாக வாங்கினேன். ஒரே மாதத்தில் வண்டியை விற்க வேண்டியதாயிற்று. வாங்கியவர் பழைய டயரே போதும் என்கிறார். இவற்றை ஆன்லைனில் விற்கலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: தாராளமாக. 'புத்தம் புதுசு' என்று மட்டும் போட்டால் யார் நம்புவார்கள்? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ம் ஆண்டின் 35-வது வாரத் தயாரிப்பு. அதைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், பில்லோடு. டிஸ்க்கில் போல்ட் ஓட்டை எட்டா, பத்தா என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் போன் ஓயாது. இரண்டு மட்டும் கேட்டாலும் கொடுங்கள், தப்பில்லை. அப்புறம், டயரைப் பார்க்காமலே, "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கண்ணா" என்று ஒருவர் குழைவார். யூபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. போனை வைத்துவிடுங்கள்.